ராஜாவின் குரலும் எல்லையோரத்துச் செவியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள ஊர்களில் பிறந்து, பிழைப்புக்காக எங்கெங்கோ போய்க் குடியேறிவிட்ட நம்மவர்கள் நாலுபேர் கூடினால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். "நீங்க தமிழா, மலையாளமா?" கேட்கிறவர் சாதாரணமாகத்தான் கேட்பார். பதில் சொல்லுகிறவருக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைக்கும். வீட்டில் பேசுவது ஒன்று, பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்று, ரேஷன் கார்டில் இருப்பது இன்னொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இக்கட்டுரை முயலவில்லை. அந்தக் குழப்பத்துக்குள்ளேயே ஒரு தலைமுறையின் காதில் தமிழை உட்கார்த்தி வைத்த ஒரு குரலைப் பற்றியும், ஒரு பாட்டைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. குரல் ஏ.எம். ராஜாவினுடையது. பாட்டு 1959-இல் வெளிவந்த 'கல்யாணப் பரிசு' படத்தின் 'வாடிக்கை மறந்ததும் ஏனோ'.

நம் மலர்களில் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகச் சாஸ்திரிய சங்கீதத்தோடு நின்றுவிடுவது வழக்கம். அதற்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பாறசாலை பொன்னம்மாள் அம்மையார் 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற பெருமையைப் பெற்று, 2021-இல் மறைந்தார். நெய்யாற்றின்கரை வாசுதேவன் 2008-இல் மறையும்வரை ஊர்ப்பெயரைத் தன் பெயரின் முன்னால் சுமந்து நாடெங்கும் கொண்டுபோனார். இவர்களைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதட்டும். ஆனால் பலராமபுரத்துச் சாலியர் தெருவில் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தவனும், களியக்காவிளைச் சந்தைக்கு வாழைக்குலை சுமந்தவனும் வாய்க்குள் முணுமுணுத்தது கீர்த்தனையை அல்ல. சினிமாப் பாட்டைத்தான். அதை ஆராய்ச்சிக்கு உரியதல்ல என்று ஒதுக்குவது நம்மையே ஒதுக்குவதாகும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் வரிசையில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைக்கவில்லை. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் உண்டு. கோடு விழுந்து மூன்றாவது வருஷம் வந்த பாட்டுத்தான் இது. கோட்டைத் தாண்டி வருவதற்கு அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1952 முதல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தது. மந்திரி கேஸ்கருக்கு அது பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி புகுந்துகொண்டது. 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் நம் தென்கோடியில் இலங்கைக்குத்தான் மவுசு. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தமிழ், கோட்டுக்கு இந்தப் பக்கத்தில் விழுந்த தமிழனுக்கு ஆறுதல் சொன்னது. ரேடியோ இல்லாத வீட்டுக்குக் கல்யாண வீட்டு மைக் செட் இருந்தது. தென்னைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய் அரை மைல் சுற்றளவுக்குப் பாட்டை வாரி இறைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'கல்யாணப் பரிசு' படத்தின் கதையில் கல்யாணம் யாருக்கும் சுகமாக அமையவில்லை. காதலியின் கல்யாண நாளில் தாயில்லாப் பிள்ளையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு நாயகன் நடையைக் கட்டுகிறான். இருந்தும் தலைப்பில் கல்யாணம் இருக்கிறதே என்று, தாலி கட்டுகிற வீட்டிலெல்லாம் முதல் இசைத்தட்டு அதுதான்! யாரும் அபசகுனமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ராஜா யாருடைய ஆள்?

நம் ஊர் டீக்கடைகளில் இந்த விஷயத்தில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. மலையாளம் பேசுகிறவர்கள், "அவரு நம்ம ஆளாக்கும்" என்பார்கள். 'பார்யா' படத்தின் 'பெரியாறே', 'குப்பிவள' படத்தின் 'கண்மணி நீயென்' என்று சாட்சிகளை அடுக்குவார்கள். தமிழ் பேசுகிறவர்கள் 'மிஸ்ஸியம்மா'வையும் 'தேன் நிலவு'வையும் எடுத்து நீட்டுவார்கள். உண்மையில் ராஜா சித்தூர் மாவட்டத்தில் 1929-இல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். ஜெமினியின் 'சம்சாரம்' (1951) படத்தில் திரையுலகுக்கு வந்தவர். இரண்டு கட்சிக்கும் தீர்ப்பு கிடையாது, வழக்குத் தள்ளுபடி.

இதற்கு நேர்மாறான கதையும் நம் கண்முன்னே உண்டு. கமுகற புருஷோத்தமன் பிறந்த திருவட்டாறு 1956-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சேர்ந்தது; அவரோ மலையாளத்தின் பாடகராகவே வாழ்ந்து 1995-இல் மறைந்தார். அவர் 'ஹரிச்சந்திரா' (1955) படத்தில் பாடிய புகழ்பெற்ற பாட்டை எழுதிய திருநயினார்குறிச்சி மாதவன் நாயரின் ஊரும் இன்றைய குமரி மாவட்டத்தில்தான். படம் உருவானது நேமம் மெரிலாண்டில். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் வழியில் வருகிற இடம். ஆக, மாநிலம் ஒன்றாகவும் குரல் வேறொன்றாகவும் இருப்பது நமக்குப் புதிதல்ல. கோடு போட்டவர்கள் ஊரைப் பிரித்தார்கள். காதைப் பிரிக்க அவர்களால் ஆகவில்லை.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தால், தெலுங்கர் என்பதே ராஜாவின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்மொழிக்காரன் பாடும்போது சொல்லைச் சாதாரணமாக விழுங்கிவிடுவான். வெளியிலிருந்து வந்தவன் ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வைப்பான். ராஜாவின் தமிழ் உச்சரிப்பில் அந்தத் தொட்டுப் பார்த்தல் இருக்கிறது. எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், அதேசமயம் விறைப்பாகவும் நிற்காமல் வரும். தமிழைப் பாதி காதாலும் பாதி ஊகத்தாலும் கற்ற எல்லையோரத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பதிவும் வாடிக்கையும்

'வாடிக்கை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. தினமும் நடப்பதை 'பதிவு' என்போம். "அவரு பதிவாயிட்டு இந்த வழியாக்கும் போறது" என்பது நம் பேச்சு. தமிழ்நாட்டில் பதிவு என்றால் ரிஜிஸ்டர் ஆபீஸ் ஞாபகம் வரும். ஆகவே அந்தப் பாட்டு வந்தபோது நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்ட கேள்வி, "வாடிக்கைன்னா என்னது அம்மே?" என்பதுதான். எங்கள் வீட்டில் வந்த பதில், "பதிவு மக்கா. பதிவா வாற ஆளைக் காணல்லியேன்னு கேக்குது." இப்படி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத் தோளோடு தோள் நிறுத்திக் காட்டுகிற வேலையை எந்தப் பாடப் புத்தகமும் செய்யவில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்து, கேட்டுப் பழகிய பாட்டின் மேல் விரலை ஓட்டி ஓட்டித் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பாட்டு முன்னால் போகும், எழுத்து பின்னால் வரும். படிப்பின் முறை தலைகீழ்தான். ஆனால் பலித்தது.

பாட்டை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழைப்பாளிகளின் கவிஞர் என்று அவரைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் இந்த மாதிரிப் பாட்டுக்களை ஏதோ கூலிக்கு எழுதியவை போல் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காதலன் காதலி ஊடலை அவர் சங்கப் பாடல் தோரணையில் எழுதவில்லை. பால்காரனிடமும் கடைக்காரனிடமும் பேசுகிற சொல்லை எடுத்துக் காதலின் நடுவில் வைத்தார். தினமும் வருகிறவர் வரவில்லை என்பதில் எவ்வளவு பெரிய துக்கம் அடங்கியிருக்கிறது என்பது, வெளியூர் வேலைக்குப் போனவனுக்காகக் காத்திருந்த வீடுகளுக்குத் தெரியும். அவர் அதே 1959 அக்டோபரில் 29 வயதில் காலமானார். அடுத்த மாதமே எம்.கே. தியாகராஜ பாகவதரும் போனார். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடிய பாகவதரின் காலம் முடிந்த வருஷமும், மைக்குக்குப் பக்கத்தில் வந்து காதோடு பேசுகிற ராஜாவின் குரல் உச்சத்துக்கு வந்த வருஷமும் ஒன்றே.

இந்தப் பாட்டில் ராஜா பாடகர் மட்டுமல்ல, இசையமைப்பாளரும் அவரே. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் அது. ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் சைக்கிளில் போகிறார்கள். மெட்டின் நடையைக் கவனியுங்கள். மிதிக்கிற காலின் தாளம் அதில் இருக்கிறது. வாத்தியங்கள் அடக்கமாகப் பின்னால் நிற்கின்றன. பி. சுசீலாவின் குரல் தெளிந்த நீர்போல் ஓட, ராஜாவின் குரல் அதன் அடியில் கிடக்கும் மணல்போல் மென்மையாகத் தாங்குகிறது. தான் இசையமைத்த பாட்டில் தன் குரலைத் தூக்கி நிறுத்தாமல் கூடப் பாடுகிறவருக்கு இடம் விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்தப் பெருந்தன்மை எல்லா இசையமைப்பாளர்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஒரே படத்தில் இன்னொரு சோதனையும் செய்தார். ஒரே மெட்டு, இரண்டு பாட்டு. 'உன்னைக்கண்டு நான் ஆட' என்று சுசீலா பாடும்போது தீபாவளி மத்தாப்பு. 'உன்னைக்கண்டு நான் வாட' என்று ராஜா பாடும்போது அதே தீபாவளி அணைந்த திரி. ஆடலுக்கும் வாடலுக்கும் நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்து. அழுகையைக் காட்டக் குரலைத் தழுதழுக்க வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். ராஜா அதைச் செய்யவில்லை. வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, மூச்சைக் கொஞ்சம் நீட்டி, சொல்லின் கடைசியை இலேசாக விட்டுவிடுகிறார். துக்கம் கேட்கிறவனிடமிருந்து வரட்டும் என்று விட்டுவிட்ட மாதிரி.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குத் தீபாவளிப் பாட்டு என்றால் அது ஒரு பாட்டு, அவ்வளவுதான். நமக்கு அப்படியல்ல. ஊரே ஓணத்துக்குக் கோடி உடுத்தி, பூக்களம் போட்டு, ஊஞ்சல் கட்டும். தீபாவளியன்று தெருவில் நம் வீட்டில் மட்டும் விடியற்காலை எண்ணெய் மணக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். அந்த நாளில் ரேடியோவில் இந்த இரண்டு பாட்டில் எது வந்தாலும், இந்தப் பண்டிகை நம் வீட்டுக்குள் மட்டும் நடக்கிற இரகசியமல்ல, எங்கோ பெரிய தேசமே கொண்டாடுகிறது என்ற தைரியம் பிறக்கும். ஓணத்தையும் நாம் விடவில்லை என்பது வேறு விஷயம். சத்தி (அதாவது ஓணச் சத்யை) சாப்பிடாதவன் பாறசாலைக்காரனா!

ராஜாவின் குறை

ராஜாவின் மேல் சொல்லப்படும் குறைகளையும் மறைக்கக் கூடாது. "பெலமில்லாத குரல்," "ஒரே மாதிரி இருக்கும்" என்பவை முக்கியமானவை. முதலாவது அளவுகோலின் பிழை. டி.எம். சௌந்தரராஜனின் குரல் கூம்புக் குழாய்க்கென்றே படைத்த குரல். திருவிழாக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ராஜாவினுடையது வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற ரேடியோக் குரல். கோயில் கொடையில் கேட்டால் காற்றோடு போய்விடும், இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து கேட்டால் நெஞ்சுக்குள் இறங்கும். இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. கோபம் அவருக்கு வராது. வீரம் வராது. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்தில் எம்.ஜி.ஆருக்கு அவர் பாடிய காதல் பாட்டு அருமையாக அமைந்தது, ஆனால் அதே எம்.ஜி.ஆர் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு நியாயம் பேசுகிற பாட்டை ராஜா பாடியிருந்தால் சாட்டை துவண்டு விழுந்திருக்கும். தன் எல்லை அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். எல்லைக்குள் நின்று அவர் செய்தவை போதும்.

மலையாளத்தில் அவர் பாடியவற்றுள் நான் உயர்த்திச் சொல்வது 'அடிமகள்' (1969) படத்தின் 'தாழம்பூ மணமுள்ள'. வயலார் எழுதி, தேவராஜன் இசையமைத்தது. தாழம்பூ என்ற சொல்லைப் பாருங்கள்: மலையாளத்திலும் அதுவே, தமிழிலும் அதுவே. தெலுங்கில் இல்லாத ழகரம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சித்தூரில் பிறந்தவர் அந்த ழகரத்தை அவ்வளவு சுத்தமாகச் சொல்லுகிறார். நம் கால்வாய்க் கரைகளில் தாழை மணத்த காலத்தில், அந்தப் பாட்டைக் கேட்ட எல்லையோரத்துக்காரன் இது எந்த மொழிப் பாட்டு என்று நின்று யோசித்திருக்கமாட்டான். கால்வாய் என்றதும் நினைவுக்கு வருகிறது: நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நின்றுபோய், வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. தண்ணீருக்கு அணை கட்டலாம்.

1961-இல் 'பாவமன்னிப்பு' படத்தில் ஜெமினிக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல் கொடுத்துப் பெரும்புகழ் பெற்றார். அதையொட்டி மலையாளத்தில் ஏசுதாஸ் வந்தார். 'தேன் நிலவு' (1961), 'ஆடிப்பெருக்கு' (1962) என்று இரண்டொரு படங்களில் ராஜா இசையமைப்பாளராகவும் மின்னிவிட்டுப் பிறகு மெல்ல ஒதுங்கினார். 1971-இல் 'ரங்கராட்டினம்' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடிய பாட்டில் திரும்பி வந்தபோது குரல் கொஞ்சமும் தேயவில்லை. ஏன் ஒதுங்கினார் என்பதைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன, அவற்றை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மனைவி ஜிக்கியோடு மேடைக் கச்சேரிகளில் அவர் பாடிக்கொண்டிருந்தார் என்பது போதும்.

அப்படி ஒரு கச்சேரிக்காகத்தான் 1989 ஏப்ரலில் நம் பக்கம் வந்தார். குமரி மாவட்டத்தில் ஒரு கோயிலில் கச்சேரி. வள்ளியூர் ரயில் நிலையத்தில், நகரத் தொடங்கிவிட்ட ரயிலில் ஏறப்போனபோது கால் இடறி, மேடைக்கும் வண்டிக்கும் இடையில் விழுந்து உயிரிழந்தார். அறுபது வயது நிறையவில்லை. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் அந்த இருப்புப்பாதை 1981-இல்தான் திறந்தது. நாகர்கோவிலிலிருந்து அது பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் போகிறது. சென்னையிலோ ஆந்திரத்திலோ நேராமல், நம் ரயில்பாதையில், நம் மக்கள் தினமும் ஏறி இறங்குகிற ஒரு நிலையத்தில் அந்தக் குரல் நின்றுபோனது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஊரில் தமிழ்ப் பத்திரிகை வாங்கும் வீட்டிலும் மலையாளப் பத்திரிகை வாங்கும் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்.

இன்று சங்க விழாக்களில் பழைய பாட்டுப் போட்டி வைக்கிறோம். அண்மையில் ஒரு பெண்பிள்ளை 'வாடிக்கை' பாட்டைப் பாடினாள். கையில் இருந்த தாளில் பாட்டு மலையாள எழுத்தில் எழுதியிருந்தது. பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கோ அவள் எழுதியிருந்த முறையைப் பார்க்கத்தான் ஆவல். தமிழில் ஒரே தகரம் இடத்துக்குத் தக்கபடி வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். மலையாள எழுத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆகவே தமிழை மலையாளத்தில் எழுதுகிறவர் ஒவ்வொரு இடத்திலும் எப்படிச் சொல்லுவது என்று தீர்மானித்தாக வேண்டும். 'மறந்ததும்' என்ற சொல்லில் அவள் முதலில் வன்மையாக எழுதி, அடித்துவிட்டு, மென்மையாகத் திருத்தியிருந்தாள். யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல்ல மாமா. ராஜா அப்படியாக்கும் பாடியிருக்காரு," என்றாள்.